ஆசிரியர் பெருந்தகை ஹன்டி பேரின்பநாயகம்

ஈழத்து விடுதலை வரலாற்றிலே வகுப்பறையினின்று எழுந்த இயக்கமொன்று உண்டு. அதன் முன்னோடி ஹன்டி பேரின்பநாயகம் அவர்கள். 1899ஆம் ஆண்டிற் பிறந்த அன்னார், வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியிற் பயின்று, பின்னர் அங்கேயே ஆசிரியராய் அமர்ந்தார்.

1924இல் அவரும் நண்பர்களும் மாணவர் காங்கிரஸைத் தோற்றுவித்தனர். அதுவே பிற்காலத்தில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸாயிற்று. பூரண சுயராச்சியம், இன ஒற்றுமை, தாய்மொழிக் கல்வி, சாதிவேற்றுமை ஒழிப்பு என்பன அதன் குறிக்கோள்கள். 1927 நவம்பரிற் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்ததும் அவ்விளைஞரின் அழைப்பை ஏற்றேயாம்.

டொனமூர் அரசியற்றிட்டம் 1931இல் இருபத்தொரு வயதடைந்த ஆண், பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை நல்கியது. ஆயினும் நிதியும் நீதியும் பாதுகாப்பும் ஆங்கில உத்தியோகத்தர் கையிலேயே இருந்தன. தேசாதிபதியின் மேலதிகாரமும் குன்றவில்லை. இது சுயராச்சியமன்று எனக் கண்ட காங்கிரஸ், அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு மக்களை வேண்டியது. அவ்வாண்டு ஏப்ரில் மகாநாட்டிற் கமலாதேவி சட்டோபாத்தியாயரும் கலந்துகொண்டார். மே 4ஆம் நாள் யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை என்னும் நான்கு தொகுதிகளிலும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்வார் ஒருவருமிலர்!

ஆனால் தென்னிலங்கையிலே தேர்தல் நடந்தேறியது, சபையும் கூடியது, மந்திரிகளும் தெரிவாயினர். குடாநாட்டின் ஆசனங்களோ 1934ஆம் ஆண்டு இடைத்தேர்தல் வரை வெறுமையாய்க் கிடந்தன. முதன்முதல் வாக்குரிமை பெற்ற பெண்களும், ஒடுக்கப்பட்ட மக்களும் அவ்வுரிமையைக் கையாள மூன்றாண்டு காத்திருக்க நேர்ந்தது. யாருடைய சமத்துவத்துக்காகக் காங்கிரஸ் உழைத்ததோ அவர்களே அதன் விலையையும் செலுத்தினர். ஆதலின் அப்பகிஷ்காரம் தியாகமோ, தவறோ என்னும் வினா இன்றும் ஓய்ந்தபாடில்லை. எனினும், அது இனநலம் கருதி எழுந்ததன்று, இலங்கை முழுவதற்கும் விடுதலை வேண்டி எழுந்தது என்பதை மறத்தலாகாது.

பேரின்பநாயகம் அவர்கள் 1947இல் வட்டுக்கோட்டைத் தொகுதியிற் சுயேச்சையாய்ப் போட்டியிட்டுத் தோல்வியுற்றார். இனக்கட்சிகளுக்கு ஆதரவு பெருகிய காலமது. 1949 முதல் 1960 வரை கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராய்ப் பணியாற்றினார். 1977இல் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் சட்டமன்ற ஆசனம் எதிலும் அமர்ந்தவரல்லர். ஆயினும் ஆசிரியரொருவர் நாட்டின் விடுதலையைத் தம் பணியின் ஒரு கூறாய்க் கருதலாம் என்பதை யாழ்ப்பாணத்துக்கு வாழ்ந்து காட்டினார். மாணவர் அவர்தம் வெற்றியை மட்டுமன்றி, அந்த நான்கு வெற்றாசனங்களையும் ஆராய்ந்து கற்பாராக.