லூயிஸ் வெய்னின் பூனைகள்: நோயின் படமா, ஓவியரின் குரலா?

சமூக ஊடகத்தில் இந்தப் படங்களை நீங்க பார்த்திருக்கலாம். வரிசையாகச் சில பூனைகள். முதல் பூனை சாதாரணமா இருக்கும். அடுத்ததுக்குக் கண் பெரிதாகும், முடி சிலிர்த்து நிற்கும். கடைசிப் படத்தில் பூனையே தெரியாது. கோலம் போன்ற வண்ண வடிவம் மட்டும்தான் இருக்கும்.

கூடவே ஒரு விளக்கம் வரும்: மனச்சிதைவு நோய் முற்ற முற்ற, ஓவியரின் மனம் இப்படித்தான் குலைந்தது என்று.

அந்த ஓவியர் லூயிஸ் வெய்ன். ஆனா அந்த வரிசையை அடுக்கியது அவர் இல்லை.

பூனைகள் எப்படி வந்தன?

வெய்ன் 1860இல் லண்டனில் பிறந்தார். அவருக்கு 5 தங்கைகள். 20 வயதில் தந்தை காலமானதும் குடும்பப் பொறுப்பு அவர் தோளில் விழுந்தது. பத்திரிகைகளுக்கு வரைந்து சம்பாதித்தார்.

1884இல், தங்கைகளுக்குப் பாடம் சொல்லித்தர வந்த எமிலியை மணந்தார். எமிலி அவரைவிட 10 வயது மூத்தவர். அந்தக் காலத்தில் அது ஊர் வாய்க்கு அவல்.

சில காலத்திலேயே எமிலிக்கு மார்பகப் புற்றுநோய். படுக்கையில் இருந்த மனைவியைச் சிரிக்கவைக்க, அவர்கள் எடுத்து வளர்த்த பீட்டர் என்ற பூனையை வெய்ன் வரைந்து காட்டினார். எமிலி 1887இல் இறந்துவிட்டார். வெய்ன் பூனைகளை வரைவதை நிறுத்தவில்லை.

பிறகு அவருடைய பூனைகள் இரண்டு காலில் நடந்தன, தேநீர் குடித்தன, சீட்டு விளையாடின. இங்கிலாந்து முழுக்க அவர் பெயர் தெரியும். பணம் மட்டும் தங்கவில்லை. காப்புரிமையையும் சேர்த்தே ஓவியங்களை விற்றுவிட்டார். அதனால் அஞ்சலட்டைகளில் அவர் படம் எத்தனை முறை அச்சானாலும் அவருக்குக் காசு வராது.

1924இல் என்ன நடந்தது?

வயது ஏற ஏற வெய்னின் நடத்தை மாறியது. யாரைப் பார்த்தாலும் சந்தேகம். இரவில் தெருவில் அலைவார். கடைசியில் தங்கைகளிடம் கை நீட்டும் அளவுக்குப் போனது. சமாளிக்க முடியாமல், 1924இல் அவரை ஸ்பிரிங்ஃபீல்ட் மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். அதுவும் ஏழைகளுக்கான வார்டில்.

அதே 1924இல்தான் பாரிசில் ஆந்த்ரே பிரெதோன் சர்ரியலிசத்தின் அறிக்கையை வெளியிட்டார். கனவையும் அடிமனத்தையும் தடையில்லாமல் கலையில் பேசவிடுவதுதான் அதன் நோக்கம். பிரெதோன் மருத்துவம் படித்தவர். முதல் உலகப் போரின்போது மனநலப் பிரிவில் பணியாற்றியவர். மனநோய் உள்ளவர்களின் படைப்புகளையும் கலையாகப் பார்க்கணும் என்ற எண்ணம் அப்போது ஐரோப்பாவில் வளரத் தொடங்கியிருந்தது.

வெய்னுக்கும் அந்த இயக்கத்துக்கும் தொடர்பு கிடையாது. ஆனா கனவில் வருவது போன்ற படங்கள் அவர் கையிலிருந்தும் வந்தன.

அடுத்த ஆண்டு, வார்டில் இருப்பவர் யார் என்று வெளியே தெரிந்ததும் நிதி திரட்டினார்கள். எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் ஆதரவு கொடுத்தார். முன்னாள் பிரதமர் ராம்சே மெக்டொனால்டும் உதவினார். வெய்ன் பெத்லம் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். 1930இல் நாப்ஸ்பரிக்குப் போனார். அங்கே தோட்டம் இருந்தது, பூனைகளும் இருந்தன. 1939 ஜூலை 4ஆம் தேதி இறக்கும்வரை அங்கேதான் இருந்தார்.

அப்போ அந்த வரிசை?

வெய்ன் இறந்த காலத்தில், வால்டர் மெக்லே என்ற மனநல மருத்துவர் லண்டன் கடை ஒன்றில் அவருடைய சில பூனை ஓவியங்களை வாங்கினார். அவற்றில் தேதி இல்லை. எது முதலில் வரைந்தது, எது பிறகு வரைந்தது என்று தெரியாது. ஆனாலும் சாதாரணப் பூனையில் தொடங்கி வண்ண வடிவத்தில் முடியும்படி அடுக்கி, நோய் முற்றியதற்கான அடையாளமாகக் காட்டினார். உளவியல் பாடநூல்களும் பல ஆண்டுகள் அதையே அச்சிட்டன.

இதில் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. மருத்துவமனையில் இருந்த கடைசி ஆண்டுகளிலும் வெய்ன் பழைய மாதிரியே சிரிக்கும் பூனைகளை வரைந்தார். பெத்லமில் கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்காகக் கண்ணாடிகளில்கூட பூனைகளைத் தீட்டினார். வண்ண வடிவங்களும் சிரிக்கும் பூனைகளும் ஒரே காலத்தில் அவரிடமிருந்து வந்தன. துணி வணிகமும் பூத்தையலும் நடந்த குடும்பத்தில் வளர்ந்தவருக்கு அந்த வடிவங்கள் புதுசும் இல்லை.

நோய் அவர் ஓவியத்தைத் தொடவே இல்லைன்னு சொல்ல முடியாது. மருத்துவமனைக் காலத்தில் நிறங்கள் கூடின, கற்பனை இன்னும் சுதந்திரமாகப் போனது. ஆனா அதைச் சிதைவு என்று மட்டும் படித்தால், வரைந்தவர் என்ன செய்து பார்த்தார் என்ற கேள்வியே எழாது. நோயாளி காட்டும் ஒவ்வொன்றும் அறிகுறி ஆகிவிடும்.

இது உங்களுக்கு ஏன் முக்கியம்?

மனநலப் பிரச்சினை உள்ள நண்பர் ஒருவர் வினோதமான ஒரு படத்தை உங்களிடம் காட்டலாம். வார்த்தையில் சொல்ல முடியாதது அதில் இருக்கலாம். வெறும் விளையாட்டாகவும் இருக்கலாம். பார்த்ததும் நீங்களே ஒரு முடிவுக்கு வராதீங்க. அவரிடமே கேளுங்க. வெய்னிடம் யாரும் கேட்ட மாதிரி தெரியலை. அவர் படங்களை வேறொருவர் அடுக்கினார், அந்த வரிசையைத்தான் நாம் இன்னும் பகிர்ந்துகொண்டிருக்கிறோம்.