ரஹீம் சாஹிபின் ஆள் கணக்கு

நம்ம கல்லூரி டீமில் ஃபுட்பால் ஆடியவர்கள் எல்லாருக்கும் ஒரு கணக்குத் தெரியும். ஒரு மேட்ச் முடிந்த சாயங்காலம், அடுத்த மேட்சுக்கு ஆள் எத்தனை பேர் தேறுவார்கள் என்கிற கணக்கு. நம்முடையது கரிசல் பூமி. மழை பெய்தால் காலைக் கவ்விப் பிடிக்கும். வெயில் காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பந்தைத் துரத்துகிற வேகத்தில் அந்த வெடிப்புக்குள் கால் போனால் கணுக்கால் பிசகிவிடும். பந்து கோட்டைத் தாண்டி வேலிப் பக்கம் உருண்டால் சீமைக்கருவேல முள் காத்திருக்கும். இது போதாதென்று, எதிர் டீம்காரனை வாரிவிட்டு, அதற்கு மேல் ரெஃப்ரியிடம் வாய்ச்சண்டைக்கும் போய், சிவப்பு அட்டையோடு வெளியே வருகிற புண்ணியவான் டீமுக்கு ஒருத்தர் உண்டு. அவருக்கு அடுத்த மேட்ச் கிடையாது. பதினாறு பேர் பஸ் ஏறிப் போயிருப்போம். இரண்டாம் நாள் ராத்திரி எண்ணிப் பார்த்தால் பத்தரை ஆள்தான் மிச்சம் இருக்கும். அந்த அரை ஆள் யார் என்பது படிக்கிற நண்பர்களுக்கே தெரியும், பேர் வேண்டாம்!

இந்தக் கணக்கை இந்தியாவில் எல்லாரையும் விட நன்றாகப் போட்ட ஒரு மனிதரைப் பற்றித்தான் இந்த மலரில் எழுத நினைத்தேன். ஃபுட்பால் ஆடிய பெரியவர் என்று நம்ம பக்கத்தில் யாரையாவது கேட்டால் திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷியைத்தான் முதலில் சொல்வார்கள். மதுரையில் படித்த பிள்ளைப் பருவத்தில் அவர் இருக்கிற கட்சிதான் ஜெயிக்கும் என்று 'தங்கக்கை' என்று பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். நான் சொல்ல வருகிறவர் ஹைதராபாத்துக்காரர். பெயர் சையத் அப்துல் ரஹீம். 2024ல் வந்த 'மைதான்' இந்திப் படத்தைப் பார்த்த தம்பி தங்கைகளுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். சினிமா சினிமாவுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். நாம் மனிதரைப் பார்ப்போம்.

1909 ஆகஸ்டு 17ஆம் தேதி ஹைதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தார், அங்கேயே ஆடவும் செய்தார். பிறகு பள்ளிக்கூட வாத்தியார். உடற்பயிற்சியிலும் ஒரு டிப்ளமோ வாங்கிக்கொண்டு பையன்களுக்கு விளையாட்டு சொல்லிக் கொடுத்தார். 1943ல் ஹைதராபாத் ஃபுட்பால் சங்கத்தின் செயலாளர் ஆனார். ஹைதராபாத் சிட்டி போலீஸ் டீமுக்கும் அவரே கோச். அந்த போலீஸ் டீம் பம்பாய் ரோவர்ஸ் கோப்பையை 1950லிருந்து வரிசையாக ஐந்து வருஷம் தூக்கிக்கொண்டு வந்தது. கல்கத்தா டீம்கள்தான் ஃபுட்பால் என்று இருந்த காலத்தில் இது லேசான காரியம் இல்லை.

அவர் எப்படிச் சொல்லிக் கொடுத்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். சின்னப் பையன்களுக்கு வேடிக்கையான டோர்னமென்ட் நடத்துவார். ஒன்றில் பழகாத காலால் மட்டும்தான் பந்தை உதைக்கலாம். வலது கால்காரன் இடது காலால் ஆட வேண்டும். இன்னொன்றில் பந்தை வைத்துக்கொண்டு வெட்டி வெட்டி ஓடக்கூடாது, வந்த பந்தை உடனே அடுத்தவனுக்குக் கொடுத்துவிட வேண்டும். பார்க்கிறவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் ரெண்டு காலும் பழகியவனை வலது ஓரத்திலும் நிறுத்தலாம், இடது ஓரத்திலும் நிறுத்தலாம். ஒருத்தன் படுத்துவிட்டால் இன்னொருத்தனை அந்த இடத்துக்கு நகர்த்தலாம். நான் வேலை பார்க்கிற இடத்தில் இதைத்தான் ஸ்பேர் என்கிறோம். மெஷின் நின்ற பிறகு ஸ்பேர் தேடுகிறவன் அன்றைய ஷிஃப்டை இழப்பான். ரஹீம் சாஹிப் ஸ்பேரை ஆட்களுக்குள்ளேயே செய்து வைத்தார்.

ஆளைத் தேடிப் பிடிப்பதிலும் கெட்டிக்காரர். செகந்திராபாத் பக்கம் அம்முகுடாவில் துளசிதாஸ் பலராம் என்று ஒரு பையன், தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. நன்றாக ஆடுகிறான், ஆனால் பயிற்சிக்கு வர வசதி இல்லை. சைக்கிள் வாடகைக்கு ரஹீமே காசு கொடுத்து வரவழைத்தார். வாடகை சைக்கிள் கடையை நம்பிக் கல்லூரிக்கு வந்த நம்ம சீனியர்களுக்கு இதன் அருமை தெரியும். அந்தப் பையன்தான் பிற்பாடு ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு கோல் போட்டவர்.

1951ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் ஈரானை 1-0 என்று ஜெயித்து இந்தியா தங்கம் வாங்கியது. கோச் ரஹீம். மறுவருஷம் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10. அந்தக் குளிரில் நம்மவர்கள் பாதிப்பேர் வெறுங்காலோடு ஆடினார்கள். அதன் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் என்று விதி போட்டார்கள். 1956 மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று அடித்து (நெவில் டிசோசா மட்டும் மூன்று கோல்) அரையிறுதி வரை போய் நாலாவது இடம். ஒலிம்பிக் ஃபுட்பாலில் இந்தியா அதற்கு மேல் இன்று வரை போனதில்லை. 1960 ரோமில் ஹங்கேரியிடம் 1-2, பிரான்சோடு 1-1, பெருவிடம் 1-3. அந்த ரோம் குழுவில் ரஹீமின் மகன் ஹக்கீமும் இருந்தார். அப்பா கோச்சாக இருந்தும் ஒரு மேட்சிலும் இறங்கவில்லை. இதைப் படிக்கும்போது அந்த வீட்டில் சாப்பாட்டு நேரம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

இனி 1962, ஜகார்த்தா. அங்கே போகும் முன்பு ஒரு விஷயம். அந்தக் காலத்தில் இப்போது போல மாற்று ஆள் இறக்குகிற வசதி கிடையாது. உலகக் கோப்பையிலேயே அது 1970ல்தான் வந்தது. மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டையும் அதே 1970ல்தான். அடிபட்டவன் நொண்டிக்கொண்டாவது நிற்க வேண்டும், இல்லை பத்துப் பேரோடு ஆட வேண்டும். அதே 1962 ஜூனில் சிலி நாட்டில் உலகக் கோப்பை நடந்தது. சிலியும் இத்தாலியும் மோதிய மேட்சில் இத்தாலிக்காரர்கள் இரண்டு பேர் வெளியேற்றப்பட்டார்கள். ஒருத்தர் போக மாட்டேன் என்று அடம்பிடிக்க, போலீஸ் வந்து கூட்டிப் போனது. ஒன்பது பேரோடு ஆடிய இத்தாலி 0-2 என்று தோற்றது. பிரேசிலுக்கு வேறு கஷ்டம். இரண்டாவது மேட்சிலேயே பெலேவுக்குத் தொடையில் அடி, அதோடு அந்தக் கோப்பையில் அவர் ஆடவில்லை. பதிலுக்கு வந்த அமரில்டோ ஸ்பெயினுக்கு எதிராக இரண்டு கோல் போட்டார், இறுதியிலும் ஒன்று. அரையிறுதியில் கரிஞ்சா வெளியேற்றப்பட்டார், ஆனாலும் இறுதி ஆட விட்டுவிட்டார்கள்! பெரிய ஆட்களுக்கு ஒரு நியாயம், நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு நியாயம். அது அன்றைக்கும் இருந்திருக்கிறது.

ஜகார்த்தாவில் முதல் மேட்சே தென்கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. அடுத்தது தாய்லாந்து. 4-1 என்று ஜெயித்தார்கள், ஆனால் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. ஜர்னைல் பஞ்சாபில் மஹில்பூர் கால்சா கல்லூரி டீமில் ஆடி வந்தவர். நம்மைப் போல ஒரு கல்லூரி மைதானத்து ஆள். இந்திய டீமின் ஸ்டாப்பர், அதாவது கோலுக்கு முன்னால் மதில் போல நிற்கிறவர். ஸ்டாப்பர் இல்லாத டீம் கதவில்லாத வீடு. பெரிய கோலி பீட்டர் தங்கராஜுக்கோ காய்ச்சல். இவரும் ஹைதராபாத்தில் பிறந்த தமிழர், மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் டீமில் ஆடி டூரண்ட் கோப்பை வாங்கியவர். இளையவர் பிரத்யுத் பர்மன் கோலில் நின்றார். ஜப்பானை 2-0 என்று தாண்டியாகிவிட்டது. அரையிறுதி தென் வியட்நாமோடு.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? ஸ்டாப்பரை உட்கார வைப்போம், இல்லை கட்டுப் போட்டு அதே இடத்தில் நிறுத்துவோம். ரஹீம் ரெண்டும் செய்யவில்லை. ஸ்டாப்பர் என்றால் உயரப் பந்துக்கெல்லாம் தலை கொடுத்தே ஆக வேண்டும், எப்போது வரும் என்று தெரியாது. சென்டர் ஃபார்வர்டு என்றால் எந்தப் பந்துக்குப் போவது, எதை விடுவது என்பதைத் தானே முடிவு செய்துகொள்ளலாம். ஜர்னைல் நல்ல உயரம், கட்டுமஸ்தான ஆள், எதிர் டீம் தடுப்பாட்டக்காரர்களைத் திணற அடிப்பார். அவரைக் கொண்டுபோய் முன்னால் நிறுத்தினார். பின்னால் நடு இடத்தை அருண் கோஷ் பார்த்துக்கொண்டார். ஒரு காயத்தால் ரெண்டு பேர் இடம் மாறினார்கள், டீம் குலையவில்லை. அரையிறுதியில் 3-2 என்று இந்தியா ஜெயித்தது. சுனி கோஸ்வாமி இரண்டு, ஜர்னைல் ஒன்று.

இறுதி மேட்ச் செப்டம்பர் 4. மறுபடியும் தென்கொரியா. செனயான் ஸ்டேடியத்தில் லட்சம் பேர் இருப்பார்கள் என்கிறார்கள், மொத்தமும் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல். காரணம் ஃபுட்பால் இல்லை. தைவானையும் இஸ்ரேலையும் இந்தோனேசியா உள்ளே விடவில்லை. அப்படியானால் இதற்கு ஆசிய விளையாட்டு என்று பேர் வைக்கக்கூடாது என்று நம்ம நாட்டு ஒலிம்பிக் நிர்வாகி சோந்தி சொல்லிவிட்டார். அதில் ஊரே கொதித்து, இந்தியத் தூதரகம் வரைக்கும் கூட்டம் போய்விட்டது. இந்த மாதிரி மைதானத்தில் ஒருத்தன் நிதானம் தவறி எதிராளி மேல் கை ஓங்கினால் போதும், பத்துப் பேராகிவிடும். அதோடு கதை முடியும். காயத்தைக் கடவுள் கொடுக்கிறார் என்று வைத்துக்கொண்டாலும், வெளியேற்றத்தை நாமேதான் வாங்கிக்கொள்கிறோம். நம்ம டீம் தம்பிகள் இந்த இடத்தை ரெண்டு தடவை படிக்கலாம்.

இறுதிக்கு ரஹீம் இன்னொரு முடிவு எடுத்தார். அரையிறுதியில் நின்ற பர்மனை உட்கார வைத்துவிட்டு, காய்ச்சலிலிருந்து எழுந்த தங்கராஜைக் கோலில் நிறுத்தினார். கொரியர்கள் உயரப் பந்து போடுகிறவர்கள், தங்கராஜ் ஆறடிக்கு மேல். ஜெயித்த டீமை மாற்றாதே என்பது நம்ம ஊர் சட்டம். அதை மீற ஒரு தைரியம் வேண்டும். 17ஆவது நிமிஷம் பி.கே. பானர்ஜி கோல் போட்டார். 20ஆவது நிமிஷம் ஜர்னைல் சிங், தலையில் தையலோடு இருந்த அதே ஆள், இரண்டாவது கோலைப் போட்டார். கடைசியில் கொரியர்கள் ஒன்று திருப்பினார்கள். 2-1. தங்கம். ஆசிய விளையாட்டு ஃபுட்பாலில் இந்தியாவுக்கு அதுதான் இதுவரை கடைசித் தங்கம்.

இந்தக் கதையை மேடையில் சொல்கிறவர்கள் எல்லாம் ஜர்னைலின் வீரத்தோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. தலையில் பட்ட அடி கணுக்கால் சுளுக்கு மாதிரி இல்லை. வெளியே தையல் ஆறிவிட்டாலும் உள்ளே மூளை குலுங்கியிருந்தால் அது வெளியில் தெரியாது. முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டால் உயிருக்கே ஆபத்து. இன்றைக்கு டாக்டர்கள் இதைத் தெளிவாகச் சொல்கிறார்கள். தலை அடிபட்டவனுக்குப் பதிலாகத் தனியாக ஒரு மாற்று ஆள் இறக்கலாம் என்று 2024-25 விதிப்புத்தகத்திலேயே போட்டிகளை நடத்துகிறவர்களுக்கு வழி வைத்திருக்கிறார்கள். 1962ல் ரஹீமுக்கு அந்த அறிவும் இல்லை, அந்த விதியும் இல்லை. இருந்த வழியில் ஓரளவு ஆபத்துக் குறைந்ததைத் தேர்ந்தெடுத்தார் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். ஆகவே தம்பிகளே, மேட்சில் தலை அடிபட்டு, வாந்தி வருகிறது, கண் இருட்டுகிறது, ஸ்கோர் மறந்துபோகிறது என்றால் பி.டி. சாரிடம் மறைக்காதீர்கள். ஜர்னைல் சிங் ஆடினாரே என்று என் கட்டுரையைக் காட்டாதீர்கள். அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது, முப்பது வருஷம் பழகிய இடம் போல் புது இடத்தில் நின்று ஆடியதை. அது ஒரு நாளில் வருவதில்லை. தினம் பயிற்சியில் ஒரு கால் மணி நேரம் கோலி விங்கிலும், விங்காள் பேக்கிலும் நின்று பார்த்தால் வரும்.

ஜகார்த்தாவில் எல்லாருடைய காயத்தையும் எண்ணிக்கொண்டிருந்த மனிதரே பெரிய நோயாளி. சிகரெட் விடாதவர். நுரையீரலில் புற்றுநோய். இறுதிக்கு முன்னால் பிள்ளைகளிடம் எனக்கு இந்தத் தங்கத்தைப் பரிசாகக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். ஊர் திரும்பி ஒன்பது மாதம்தான். 1963 ஜூன் 11ஆம் தேதி ஹைதராபாத்தில் காலமானார். வயது 53.

ஜர்னைல் சிங் தன் பழைய ஸ்டாப்பர் இடத்துக்கே திரும்பிப் போனார். மோகன் பகானுக்கு 1968 வரை அங்கேதான் நின்றார். 1964ல் அர்ஜுனா விருது வாங்கினார். தங்கராஜுக்கு அது 1967ல் கிடைத்தது.