மூணு தீபாவளி ஓடிய குரல்

திருக்காட்டுப்பள்ளியில இருந்து திருச்சி பஸ் ஏறுறவங்களே, உங்களுக்கு எம்.கே. தியாகராஜ பாகவதரைத் தெரியுமா? 1910-ல் மாயவரத்துல பிறந்து, திருச்சியில வளர்ந்தவர். அப்போ பின்னணிப் பாடகர் கிடையாது, நடிக்கிறவரே பாடணும். 1934-ல் வந்த முதல் படம் 'பவளக்கொடி'யில ஏறத்தாழ 50 பாட்டு! (நம்ம இப்போ அஞ்சு பாட்டுக்கே ஸ்கிப் பண்றோம்.)

1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்'. அந்த வருஷம் முடியறதுக்குள்ள லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைது, பிறகு ஆயுள் தண்டனை. யோசிச்சுப் பாருங்க: சென்னை பிராட்வே தியேட்டர்ல மூணு தீபாவளி கண்டு அந்தப் படம் ஓடுது, பாடினவர் சிறையில இருக்கார். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன வழக்கில் 1947-ல் விடுதலை. அடுத்த வருஷம் வந்த 'ராஜமுக்தி' ஓடல. குரல் அதேதான், சினிமா மாறியிருந்தது. 1959 நவம்பர் 1-ல் இறந்தப்போ வயசு 49.