காமா பயில்வானின் வரவு செலவு

மலாயாவில் குஸ்தி என்றால் பெரியவர்கள் உடனே சொல்லும் பெயர்கள் இரண்டு. ஒன்று கிங்காங், மற்றது தாராசிங். அவ்விருவருக்கும் முந்திய தலைமுறையைச் சேர்ந்தவரும், இந்தியத் துணைக்கண்டம் முழுவதும் பயில்வான்களுக்கெல்லாம் பயில்வான் என்று ஏற்றுக்கொண்டவருமான மர்ஹூம் காமா பயில்வானின் வரலாற்றை இம்முறை எழுத முன்வந்தோம். நம் பக்கத்தில் அரைகுறையாகச் செய்யும் வேலையைக் காமாசோமா என்பார்கள். அந்தச் சொல்லுக்கும் இந்தக் காமாவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

வியாபாரிகளுக்குப் பயில்வான் கதை எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். காமாவின் வாழ்க்கை உடம்பை முதலாகப் போட்டு நடத்திய ஒரு தொழில். அந்த முதலுக்குத் தினமும் தீனி போட்டாக வேண்டும். தீனிச் செலவைக் கொடுத்தவர் யார், அவர் போன பிறகு என்ன ஆயிற்று என்று பார்த்தால், கடை நடத்துகிற நமக்கு அதில் யோசிக்க நிறைய இருக்கிறது.

அவருடைய முழுப் பெயர் குலாம் முகம்மது பக்ஷ். பஞ்சாபில் அமிர்தசரஸ் பக்கம் 1878-ம் ஆண்டு பிறந்தவர். காஷ்மீரத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம், குஸ்தியே குலத்தொழில். தகப்பனார் முகம்மது அஜீஸும் பயில்வான்தான். மகனுக்கு ஆறு வயதாகும்போது அவர் காலமாகிவிட்டார். தாயைப் பெற்ற பாட்டனார் நூன் பயில்வான் பிள்ளையை எடுத்து வளர்த்தார். அவரும் போன பிறகு மாமன் ஈதா பயில்வான் பொறுப்பேற்றார். தகப்பனில்லாப் பிள்ளையைப் படிக்க வைக்காமல் கோதாவில் இறக்கிவிட்டார்களே என்று இன்றைக்கு நாம் சொல்லலாம். அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்த பள்ளிக்கூடம் அதுதான்.

1888-ல் ஜோத்பூர் மகாராஜா ஒரு போட்டி வைத்தார். யார் அதிகம் பஸ்கி போடுகிறார்கள் என்பதே பந்தயம். நாலா திசையிலிருந்தும் 400-க்கு மேற்பட்ட பயில்வான்கள் வந்து கூடினர். ஒவ்வொருவராகக் களைத்து உட்கார, கடைசியில் நின்ற 15 பேரில் பத்து வயதுச் சிறுவன் காமாவும் ஒருவன். மகாராஜா சிறுவனுடைய வயதைக் கருதி அவனே வென்றவன் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். இந்தச் செய்தி பரவியதும் ததியா சமஸ்தானத்து மகாராஜா பிள்ளையைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து காமாவின் சாப்பாட்டுச் செலவு அரண்மனைக் கணக்கில் ஏறியது.

அந்தச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் காமாவின் கதையைச் சொல்ல முடியாது. அவர் வளர்ந்து ஆளான பிறகு நாளொன்றுக்கு 10 லிட்டர் பால், அரை லிட்டர் நெய், முக்கால் கிலோவுக்குக் கிட்டத்தட்ட வாதுமைப் பருப்பு அரைத்துக் கலக்கிய பானம், இவற்றோடு கோழியும் ஆட்டிறைச்சியும் பழச்சாறும் என்று பட்டியல் போடுகிறார்கள். எழுதுகிறவருக்கு எழுதுகிறவர் அளவு கூடும், குறையும். பாதிக்குப் பாதி தள்ளுபடி செய்தாலும் ஒரு குடும்பத்துச் சாப்பாடு அது. 10 லிட்டர் பால் என்றால் இன்றைய சில்லறை விலைக்குப் பாலுக்கு மட்டுமே மாதம் 2,000 ரிங்கிட்டைத் தாண்டும். நம் நாட்டில் 2025-ல் விதித்த குறைந்தபட்சச் சம்பளமே 1,700 ரிங்கிட். நெய்யும் பருப்பும் இறைச்சியும் தனிச் செலவு.

உண்டது எங்கே போயிற்று என்றால், கோதாவில் போயிற்று. தினமும் 40 பயில்வான்களோடு ஒருவர் பின் ஒருவராகப் பிடி போடுவார். அது போக 5,000 பஸ்கியும் 3,000 தண்டாலும் எடுப்பார் என்று சொல்லப்படுகிறது. கழுத்தில் கல்வளையத்தை மாட்டிக்கொண்டு பஸ்கி போடுவதும் உண்டு. இரும்புக் குண்டோ, மின்சாரத்தில் ஓடும் யந்திரமோ அவருக்குத் தேவைப்படவில்லை. பஸ்கிக்கு வேண்டியது நாலு அடி இடம், தண்டாலுக்கு ஆறு அடி.

இங்கே நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. காமாவின் சாப்பாட்டைப் பின்பற்றுகிறவர்கள் நம்மில் நிறைய உண்டு, பஸ்கியைப் பின்பற்றுகிறவர்களைத்தான் காணோம். கடையைச் சாத்திவிட்டு இரவு பதினொரு மணிக்கு நாசி கண்டார், அதன் மேல் சீனியும் கட்டிப் பாலும் கலந்த தே தாரிக், பிறகு படுக்கை. பகலெல்லாம் கல்லாப் பெட்டிக்கு முன்னால் நாற்காலி. அக்காலத்தில் கெடாத் தோட்டங்களில் ரப்பர் வெட்டியவர்கள் விடியுமுன் எழுந்து மேடும் பள்ளமும் நடந்து, பால் வாளி சுமந்தார்கள். அவர்களுக்குத் தனியே தேகப் பயிற்சி வேண்டியிருக்கவில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பட்டணத்துக்கு வந்து உட்கார்ந்த வேலை பார்க்கிறார்கள். சாப்பாட்டின் அளவு மட்டும் பாட்டனாருடையதாகவே இருக்கிறது. 2019-ல் நம் நாட்டில் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில், வயது வந்தோரில் ஐவருக்கு ஒருவர் என்று சொல்லுமளவுக்குச் சர்க்கரை வியாதி தெரிந்தது. நம் கடைத்தெருவை மட்டும் எண்ணினால் அதற்குக் குறையாது என்றே நினைக்கிறோம்.

காமாவுக்கு 17 வயதானபோது குஜ்ரன்வாலாவைச் சேர்ந்த ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலாவைச் சவாலுக்கு அழைத்தார். ரஹீம் ஏறத்தாழ ஏழடி உயரம், அப்போதே நாடறிந்த வீரர். காமாவோ ஐந்தடி எட்டு அங்குலத்தைத் தாண்டாதவர். நெடுநேரம் நடந்த அந்தப் பிடி வெற்றி தோல்வியின்றி முடிந்தது. தோற்காததே பெரிய பேராகிவிட்டது. பிறகு ஊர் ஊராகச் சென்று ரஹீமைத் தவிர மற்ற பெரிய பயில்வான்களையெல்லாம் மண்ணில் சாய்த்தார்.

1902-ல் பரோடாவில் 1,200 கிலோ எடையுள்ள ஒரு கல்லைத் தூக்கினார் என்று சொல்கிறார்கள். 50 கிலோ அரிசி மூட்டை 24 சேர்ந்த கனம் அது. மூட்டை தூக்கிப் பழகிய நமக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது. ஆயினும் கல் பரோடாக் காட்சிசாலையில் இருக்கிறது, அவர் தூக்கிய செய்தியும் அந்தக் கல்லிலேயே பொறித்திருக்கிறது. நம்புவதும் நம்பாததும் அன்பர்கள் இஷ்டம்.

1910-ல்தான் அவர் பெயர் கடல் கடந்தது. பெஞ்சமின் என்ற ஆங்கிலேயர் ஒருவர், பயில்வான்களைக் கூட்டிச் சென்று காட்சி நடத்திப் பணம் பண்ணுகிறவர், காமாவையும் அவர் தம்பி இமாம் பக்ஷையும் இன்னும் சிலரையும் லண்டனுக்குக் கப்பலேற்றினார். போன இடத்தில் முதல் அடி. உயரம் போதாது என்று சொல்லிப் பந்தயத்தில் காமாவைச் சேர்க்க மறுத்துவிட்டார்கள். ஆளைக் கொண்டுபோன செலவெல்லாம் தண்ணீரில் போகிற நிலைமை. பெஞ்சமின் சளைக்கவில்லை. எந்த எடைக்காரராயினும் மூன்று பேரை அரைமணி நேரத்தில் காமா சாய்ப்பார் என்று பகிரங்கமாக அறிவித்தார். அது வெறும் வாய்வீச்சு என்று எண்ணி முதலில் எவரும் வரவில்லை. சரக்கு நல்லதாயிருந்தாலும் வாங்குகிறவன் ஒருமுறை தொட்டுப் பார்த்தாக வேண்டுமல்லவா?

கடைசியில் அமெரிக்க வைத்தியர் ரோலர் முன்வந்தார். முதல் பிடியில் 1 நிமிடம் 40 விநாடியில் விழுந்தார், இரண்டாம் பிடியில் 9 நிமிடம் 10 விநாடியில் விழுந்தார். மறுநாள் 12 பேரைக் காமா சாய்த்தார். அதன் பிறகே பந்தயக் கதவு திறந்தது.

செப்டம்பர் 10-ந் தேதி, போலந்து நாட்டு ஸிபிஸ்கோ எதிரே நின்றார். காமாவைவிட ஏறக்குறைய 50 இராத்தல் கனத்தவர். முதல் நிமிடத்திலேயே காமா அவரைக் கீழே தள்ளினார். ஆனால் ஸிபிஸ்கோ குப்புறப் படுத்துத் தரையைக் கட்டிக்கொண்டார். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் எழுந்திருக்கவேயில்லை. பார்க்க வந்த கூட்டம் சலித்துப் போயிற்று. சமன் என்று தீர்த்து, 17-ந் தேதி மறுபடியும் வரச் சொன்னார்கள். அன்று காமா வந்து நின்றார், ஸிபிஸ்கோ வரவில்லை. 250 பவுன் பரிசும், ஜான்புல் என்ற பட்டயக் கச்சையும் காமாவுக்கே ஆயின. அமெரிக்காவின் பிரசித்தி பெற்ற காட்ச்சுக்கும் சவால் போயிற்று. அவர் காமாவோடு மோதவேயில்லை.

ஊர் திரும்பிய காமா, அலகாபாத்தில் பழைய எதிரி ரஹீமை மறுபடியும் சந்தித்து இம்முறை வென்றார். ஹிந்துஸ்தானத்தின் ருஸ்தம் என்ற பட்டம் அதோடு உறுதியாயிற்று. பிற்காலத்தில் பேர் கேட்டபோதெல்லாம் தமக்குச் சரியான எதிரி ரஹீம்தான் என்றே காமா சொல்லி வந்தாராம். 1922-ல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசர் அவருக்கு வெள்ளி கதாயுதம் பரிசளித்தார். 1928 ஜனவரியில் பட்டியாலா மகாராஜா ஏற்பாட்டில் ஸிபிஸ்கோ பதினேழு ஆண்டுக் கணக்கைத் தீர்க்க வந்தார். காமாவுக்கு அப்போது வயது 50-ஐ நெருங்கிவிட்டது. ஒரு நிமிடம் ஆகுமுன்பே ஸிபிஸ்கோ மல்லாந்தார். மறு வருஷம் பீட்டர்ஸன் வந்தார். அவருக்கு ஒன்றரை நிமிடம்.

இதுவரை வரவு. இனிச் செலவைப் பார்ப்போம்.

காமாவுக்குத் தெரிந்த தொழில் ஒன்றே, அந்தத் தொழிலுக்கு வாடிக்கைக்காரரும் ஒரே வகையினர்: ராஜாக்கள். முதலில் ததியா, பிறகு பட்டியாலா. அவர் கையில் பயின்ற சீடர்கள் அநேகர். ஆனால் அக்கால வழக்கப்படி உஸ்தாத் மாதச் சம்பளம் பேசிக் கற்றுக்கொடுப்பதில்லை. சீடன் தலைப்பாகையும் இனிப்பும் காணிக்கையும் வைப்பான், அவ்வளவே. வித்தையை விலைக்கு விற்காத பெருமை அதில் உண்டு. அரண்மனை இருக்கும்வரை அந்தப் பெருமை கட்டுப்படியாகும்.

1947-ல் நாடு இரண்டானது. காமா லாகூர்க்காரரானார், பட்டியாலா எல்லைக்கோட்டுக்கு அப்பால் போயிற்று. சிறிது காலத்தில் சமஸ்தானங்களும் ஒழிந்தன. அந்தக் கலவர நாட்களில் லாகூர் மோகினி சாலையில் தம் அண்டை வீட்டு ஹிந்துக்களைக் கும்பலிடமிருந்து காமா தம் சீடர்களோடு நின்று காத்தார் என்றும், அவர்கள் புறப்பட்டபோது வழிச்செலவும் உணவும் கொடுத்து எல்லைவரை அனுப்பினார் என்றும் சொல்வார்கள். தம் கையிருப்பே கரைந்துகொண்டிருந்த காலம் அது.

ஆண் மக்கள் எல்லாரையும் இளம் வயதிலேயே பறிகொடுத்தவர் அவர். தம்பி மகன் போலுவைத் தயார் செய்வதிலேயே மனத்தைச் செலுத்தினார். போலுவும் பாகிஸ்தானின் முதல் வீரராக வந்தார். 1952-ல் காமா முற்றிலும் ஓய்வு பெற்றார். இருதய நோயும் மூச்சிரைப்பும் பிடித்துக்கொண்டன. ஆண்டுக்கணக்கில் 10 லிட்டர் பாலும் வாதுமையும் ஊட்டி வளர்த்த உடம்பு மருந்துச் செலவுக்குத் தடுமாறியது. பாகிஸ்தான் சர்க்கார் கொஞ்சம் நிலம் கொடுத்தது, வைத்தியச் செலவில் உதவியது. எல்லைக்கு அப்பாலிருந்து இந்திய வர்த்தகர் பிர்லா 2,000 ரூபாயும் மாதம் 300 ரூபாய் உபகாரச் சம்பளமும் அனுப்பினார். ராஜாக்கள் விட்ட இடத்தில் ஒரு வியாபாரி கை கொடுத்தார் என்பதை நம் வர்க்கத்தார் நினைவில் வைக்கலாம்.

இப்போது சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் அலோர் ஸ்டாரிலும் கடைகளுக்கு மேல்மாடியில் தேகப் பயிற்சிக்கூடங்கள் இருக்கின்றன. தோட்டத்திலிருந்து வந்த நம் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் அங்கே பயிற்சி கொடுத்துப் பிழைக்கிறார்கள். பணக்கார வாடிக்கைக்காரர் ஒருவர் கிடைத்துவிட்டால் அவரையே சுற்றுவதும், மற்ற நாலு பேரை விட்டுவிடுவதும் அவர்களிடமும் காண்கிறோம். அதைவிடக் கடைத்தெருவில் நம்மைப் போல் நாற்பது தாண்டிய பத்து வியாபாரிகளைச் சேர்த்து, ஸுபுஹுத் தொழுகைக்குப் பிறகு கடை திறக்குமுன் அரைமணி நேரம் என்று குறைந்த கட்டணத்துக்குப் பேசினால் நிலைத்த வருமானம் வரும். பத்துப் பேரில் இருவர் நின்றாலும் அடுப்பு அணையாது. பயிற்சி கொடுக்கிறவருக்கும் முதுகும் முழங்காலும்தான் முதல். நாற்பத்தைந்து வயதில் அது தேயும் என்று எண்ணி இன்றே ஒரு பங்கு எடுத்து வைப்பது நல்லது. நம் சங்கத்தார் வாடகையில்லாமல் ஓர் இடம் காட்டினால் நாமும் வரத் தயார். பஸ்கி 5,000 வேண்டாம், ஐம்பதில் ஆரம்பிக்கலாம்.

காமா 1960 மே 23-ந் தேதி லாகூரில் காலமானார். பாகிஸ்தான் பிரதமராயிருந்த நவாஸ் ஷரீபின் மனைவி, 2018-ல் மறைந்த குல்சூம் அம்மையார் அவருடைய பேத்தி. சீனச் சண்டை வீரர் புரூஸ் லீயும் காமாவைப் பற்றிப் படித்து அவருடைய தண்டால் பஸ்கியைத் தம் பயிற்சியில் சேர்த்துக்கொண்டார் என்பார்கள். காமா கழுத்தில் மாட்டிப் பஸ்கி போட்ட கல்வளையம் ஒன்று, பட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டுக் கழகத்தின் காட்சிசாலையில் இருக்கிறது. எடை 95 கிலோ.