பந்தியைப் பகிர வந்த புனிதர்



ஞாயிறுதோறும் ஆலய மணி ஒலிக்கின்றது; குருவானவர் பீடத்தருகே நிற்கின்றார்; நற்கருணை ஆண்டவர் எளிதாக நம்மிடம் வருகின்றார். ஆனால், ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாகத் திருப்பலியின்றி வாழ்ந்த குடும்பங்கள் இம்மண்ணில் இருந்தன என்பதை நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடைசெய்து, குருக்களை வெளியேற்றினர். வீட்டினுள் மறைவாகச் சொல்லப்பட்ட செபங்களே எஞ்சியிருந்தன.

இந்த மக்களின் பசியை அறிந்து உள்ளம் உருகியவரே புனித யோசவ்வாஸ் அடிகளார். 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவின் பெனோலிம் ஊரிற் பிறந்த அவர், 1676இல் குருவானார். 1687இல் குருத்துவ உடையைக் களைந்து, கூலியாள் கோலத்தில், ஜோன் என்னும் உதவியாளருடன் யாழ்ப்பாணத்தை வந்தடைந்தார்.

வந்தவரை முதலில் வரவேற்றது கடும் வயிற்றுநோயே. இரக்கமுள்ள ஒரு பெண் கொடுத்த கஞ்சியே அவரைத் தாங்கிற்று என்று அவரது வரலாறு கூறுகின்றது. அப்பத்தைப் பிட்டுக்கொடுக்க வந்தவர், ஏழையின் கையிலிருந்து உணவைப் பெற்றுக்கொண்டார். பின்னர் கழுத்திற் செபமாலை அணிந்து வீடுவீடாகப் பிச்சை கேட்டார். அச்செபமாலையைக் கண்டு கண்கலங்கியோரே அவர் தேடிய மந்தை. சில்லாலையிலும் சுற்றுப்புறங்களிலும் இரவின் மறைவில் மீண்டும் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டது.

நம் விசுவாசத்தின் முன்னோடியாம் இயேசு, தூரத்தில் நின்று வழிகாட்டியவரல்லர். அடிமையின் கோலத்தை ஏற்று முன்னே நடந்தவர். அந்த அடிச்சுவட்டிலேயே அடிகளாரும் நடந்தார். 1692இல் கண்டிக்குச் சென்றபோது, போர்த்துக்கேய ஒற்றர் என்ற ஐயத்தில் சிறைப்பட்டார். அங்கும் மனந்தளராது சிங்கள மொழியைக் கற்றார். 1697இல் கண்டியிற் பெரியம்மை பரவியது. சொந்த உறவினரே நோயாளரைக் கைவிட்டு ஓடினர். அடிகளாரோ அவர்களுக்குக் குடிசை அமைத்து, உணவூட்டி, புண்களைக் கழுவினார். எவரையும் நீ எம்மதத்தவன் என்று அவர் கேட்கவில்லை. பீடத்தில் ஆண்டவரின் திருவுடலை ஏந்திய அதே கரங்கள், அழுகிய உடல்களையும் ஏந்தின. அவருக்கு இவ்விரண்டும் ஒரே பணியாகவே இருந்தன.

ஏறத்தாழ இருபத்துநான்கு ஆண்டுகள் உழைத்த அவர், கோவாவுக்குத் திரும்பாமலேயே 1711 ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜனவரி 14ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

அன்புக்குரியவர்களே, நற்கருணையை உட்கொள்ளும் நாம் அதன் உறவில் வாழ்கின்றோமா? ஒரே ஆலயத்திற் பந்தியில் அமர்ந்துவிட்டு, வெளியே வந்ததும் காணி எல்லைக்காகவும் சீதனத்துக்காகவும் முகந்திருப்பிச் செல்லும் உடன்பிறப்புக்கள் எத்தனை பேர்! நாள்தோறும் அப்பத்தைப் பிட்கும் குருவாகிய எனக்கும் இக்கேள்வி நெஞ்சிற் குத்துகின்றது. நாம் நீண்டநாளாகப் பேசாதிருக்கும் ஒருவரின் வாசற்படியை, அடுத்த திருப்பலிக்கு முன் மிதிப்போமா? அடிகளார் கடலைக் கடந்தார். நாம் கடக்கவேண்டியது ஒரு வேலியை மட்டுமே.