கணக்குக் கேட்ட கோகலே

பிரஜைகளின் வரிப்பணத்தைச் செலவிடும் சர்க்கார், அவர்தம் பிரதிநிதிகளுக்குக் கணக்குக் கூறக் கடமைப்பட்டதாகும். இக்கொள்கைக்கு உழைத்த கோபாலகிருஷ்ண கோகலே அவர்களின் சரித்திரத்தை நம் சங்கத்தார்க்குச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

இவர் 1866-ஆம் வருஷம் மே மாதம் 9-ஆம் தேதி இரத்தினகிரி ஜில்லா கோட்லுக் கிராமத்தில், எளிய குடும்பத்தில் பிறந்தார். பூனா பெர்குஸன் கலாசாலையில் ஆசிரியராய் விளங்கிய பின், 1902-இல் வைஸ்ராயின் சட்டசபையில் அமர்ந்தார்.

அச்சபையின் அங்கத்தினர் வரவு செலவுத் திட்டத்தைப் பற்றிப் பேசலாம். வாக்களிக்கும் உரிமை அவர்க்கில்லை. ஆயினும் கோகலே மனந்தளர்ந்தாரில்லை. சர்க்கார் வெளியிட்ட கணக்குகளையே நுணுகி ஆராய்ந்தார். பஞ்சத்தால் ஜனங்கள் வாடுகையில் பொக்கிஷத்தில் மிச்சம் பெருகுதல் செழிப்பின் அடையாளமன்று, மிஞ்சிய வரியின் விளைவே என்று 1902 மார்ச்சு மாதப் பிரசங்கத்தில் அக்கணக்குகளைக் கொண்டே நாட்டினார். உப்பு வரியைக் குறைக்குமாறு இடைவிடாது வற்புறுத்தினார். மணங்குக்கு 2½ ரூபாயாயிருந்த அவ்வரி 1903, 1905, 1907-ஆம் வருஷங்களில் படிப்படியாய்க் குறைந்து 1 ரூபாயாயிற்று.

எல்லா முயற்சியும் கைகூடிற்றில்லை. ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்க வழிகோலி 1911-இல் அவர் கொணர்ந்த மசோதாவை, 1912-இல் 13 பேர் ஆதரித்தனர். 38 பேர் எதிர்த்தனர். தோல்வியுற்றும் அவர் கேட்பதை நிறுத்தினாரில்லை. 1915-ஆம் வருஷம் பிப்ரவரி 19-ஆம் தேதி, தமது 48-ஆம் வயதில் காலஞ்சென்றார்.

உரிமை சிறிதேயாயினும், கணக்கறிந்து வினவுவார் சொல்லுக்கு வலிமையுண்டு. ஆதலின் நம் அங்கத்தினர், சங்கத்தின் வருஷாந்தக் கணக்கையும் பிரியாது வைத்துவிடாமல், படித்து ஐயம் வினவுதல் வேண்டும். வீட்டிற் பழகாத வழக்கம் சபையில் வாராது.