பெறாமல் பெற்ற தாய் சாவித்திரிபாய் பூலே

சாவித்திரிபாய் பூலே பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினவர் என்று நம்மில் பலருக்குத் தெரியும். அவர் ஒரு பச்சைக் குழந்தைக்குத் தாயான விதம் அவ்வளவாகத் தெரியாது.

1831 ஜனவரி 3-ல் மகாராஷ்டிராவில் நாய்காவ் கிராமத்தில் பிறந்தார். 9 வயசில் ஜோதிராவ் பூலேவுக்குக் கட்டிக் கொடுத்தாங்க. கல்யாணத்துக்குப் பிறகுதான் படிப்பே. 1848-ல் இருவரும் புனேயில் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாங்க. ஊர் சாணியையும் கல்லையும் எறிஞ்சது. அவர் நிறுத்தவில்லை.

அப்போது புனேயில் பிராமண வீடுகளில் சின்ன வயசு விதவைகள் நிறைய. மறுமணம் கிடையாது. யாராவது ஏமாற்றி வயிற்றில் பிள்ளை வந்தால் பழி முழுக்க அந்தப் பெண்ணுக்குத்தான். சிலர் உயிரை விட்டாங்க, சிலர் பிறந்த சிசுவைக் கொன்னாங்க. இதைத் தடுக்க 1863-ல் பூலே தம்பதி தங்கள் வீட்டிலேயே ஒரு இல்லம் திறந்தாங்க. யாருக்கும் தெரியாமல் வந்து பிரசவம் பார்த்துக்கலாம், பிள்ளையைக் கொண்டு போகலாம், விட்டுட்டும் போகலாம்னு நோட்டீஸ் ஒட்டினாங்க.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. இன்னொரு கல்யாணம் பண்ணச் சொல்லி வற்புறுத்தியும் ஜோதிராவ் மறுத்துட்டார். 1874 வாக்கில் அங்கே ஒரு விதவைக்குப் பிறந்த ஆண் குழந்தையைத் தத்தெடுத்து, யஷ்வந்த் என்று பேர் வச்சாங்க. டாக்டருக்குப் படிக்க வச்சாங்க. ஜோதிராவ் உயில் எழுதி அவரையே வாரிசாக்கினார்.

ஆனாலும் ஊர் வாய் மூடலை. விதவை பெற்ற பிள்ளை என்று பெண் கொடுக்கத் தயங்கினாங்க. 1889-ல் தங்கள் சங்கத்து நண்பர் மகளைக் கட்டி வச்சாங்க. 1890-ல் ஜோதிராவ் இறந்தப்போ, தத்துப்பிள்ளை கொள்ளிச்சட்டி தூக்கக் கூடாதுன்னு சொந்தக்காரங்க தகராறு பண்ணினாங்க. சாவித்திரிபாயே சட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பெண்கள் சுடுகாட்டுப் பக்கமே போகாத காலம் அது.

1897-ல் பிளேக் நோய் வந்தது. யஷ்வந்த் ஊருக்கு வெளியே வைத்தியம் பார்த்தார். நோய் கண்ட ஒரு சிறுவனை சாவித்திரிபாய் தானே தூக்கிக்கொண்டு மகனிடம் ஓடினார். நோய் அவருக்கும் ஒட்டி, மார்ச் 10-ல் இறந்தார்.

சகோதரிகளே, இன்று தத்தெடுக்கச் சட்டம் வழி காட்டுகிறது. கைமாற்றிக் குழந்தை வாங்க வேண்டாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரியுங்கள். வளர்க்க முடியாத நிலையில் தவிக்கும் பெண் நம் ஊரில் இருந்தால், 1098 எண்ணைச் சொல்லுங்கள். தத்து வந்த பிள்ளையை யாரும் பிரித்துப் பேசினால், முதலில் தட்டிக் கேட்பது நம் குழுவாக இருக்கட்டும்.